குழி இருக்கு... தண்ணி இறங்குதா?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே. கடையைத் திறந்து தூசி தட்டக்கூட நேரம் கிடைக்கல. "உயிரோட இருக்கியா?"ன்னு மெயில் போட்ட நாலு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் வீட்டு வாசல்ல குத்துக்கால் போட்டு உக்காந்து, ஒரு பால் பவுடர் டப்பாவுக்குள்ள தண்ணி எப்ப இறங்கும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எதிர்வீட்டு மாமா, "என்னப்பா, வேலை போயிடுச்சா?"ன்னே கேட்டுட்டார் :-)

வேலை இருக்கு மாமா. ஆனா இந்த டப்பா சொன்ன விஷயம் என் வேலையை விட முக்கியமா பட்டுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கு. டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். எங்க வீடு ரெட்டேரி பக்கம். முன்னாடி சின்னதா ஒரு மண் வாசல், பத்தடிக்கு இருபதடி. ஓரமா ஒரு முருங்கை, பின்னாடி ஒரு உறைக்கிணறு. மழை வந்தா வாசல் சேறு, செருப்போட வீட்டுக்குள்ள வர்றாங்கன்னு அம்மாவுக்குக் கோபம். அப்பா ரிட்டயர் ஆனதும் ஒரு முடிவு எடுத்துட்டார். வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டுடறது, ஓரத்துல பெருசா ஒரு மழைநீர்க் குழி வெட்டிடறது. மண்ணுல இறங்குற தண்ணிக்குப் பதிலா குழியில இறங்கிடுமாம். கணக்கு சரியாப் போச்சாம். மேஸ்திரி வந்து அளவு எடுத்துட்டும் போயிட்டார். மூணடிக்கு மூணடி, ஆழம் நாலடி, உள்ளே ஜல்லி, மேல ஸ்லாப்.

"ஏன் மூணடி?"ன்னு கேட்டேன்.

"எல்லா வீட்டுக்கும் இதே அளவுதான் தம்பி"ன்னார் மேஸ்திரி.

"இதுல தண்ணி எவ்வளவு நேரத்துல இறங்கும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். "அதெல்லாம் இறங்கிடும் தம்பி. தண்ணி எங்க போகும்? கீழேதான போகணும்."

இந்த பதிலை எங்கேயோ கேட்ட ஞாபகம். எங்க ஆபீஸ்லதான். டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ற ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் சொல்வாங்க, "அதெல்லாம் ஓடிடும்"னு. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குத்தான் போன் வரும்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2003-ல தமிழ்நாடு அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டுச்சு. புதுக் கட்டடம் மட்டும் இல்ல, ஏற்கெனவே இருக்குற கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், கெடுவுக்குள்ள செய்யலேன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். இந்தியாவுல அந்த அளவுக்கு அடிச்சு ஆடின சட்டம் வேற அப்போ கிடையாது. நான் அப்ப பொடிப் பையன். தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் குழி, ஜல்லிக் குவியல். எங்களுக்கெல்லாம் ஜாலி, ஜல்லி மேல ஏறி விளையாடலாம். எங்க வீட்டுலயும் ஒரு குழி வெட்டினாங்க. அதிகாரி வந்து எட்டிப் பாத்து டிக் அடிச்சுட்டுப் போனார்.

அந்தக் குழி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறதுக்கு வேற காரணம் இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் அது நிறைஞ்சு வழியும். மழை விட்டு மூணு நாள் ஆனாலும் தண்ணி அப்படியே நிக்கும், கொசு மொய்க்கும். பாட்டி திட்டித் தீத்துட்டாங்க. நாலஞ்சு வருஷத்துல அதை மூடி, மேல துளசி மாடம் வெச்சாச்சு. 2019 கோடையில கிணறு வத்தினப்போ, துளசி மாடத்துக்குப் பக்கத்துலதான் டேங்கர் லாரிக்காகக் குடம் வரிசையா வெச்சிருந்தோம். குழி இருந்தது. சட்டப்படி எல்லாம் சரி. தண்ணி மட்டும் இறங்கல.

இப்ப அதே அளவுல, அதே மண்ணுல, இன்னொரு குழி. சும்மா விட மனசு வரல. "அப்பா, ஒரே ஒரு வாரம் டைம் கொடுங்க. தண்ணி இறங்குதான்னு அளந்து பாத்துடறேன்"னேன். "என்னடா, சிவில் இன்ஜினியர் ஆயிட்டியா?"ன்னார். ஆனாலும் ஒத்துக்கிட்டார்.

மண்ணு தண்ணியை எவ்வளவு வேகமா குடிக்குதுன்னு அளக்கறது பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல. முறைப்படி செய்றவங்க ரெண்டு இரும்பு வளையம் வெச்சிருப்பாங்க. உள்வளையம் 30 செ.மீ. அகலம், வெளிவளையம் 60 செ.மீ. ரெண்டையும் மண்ணுல கொஞ்சம் இறக்கி, ரெண்டுலயும் தண்ணி ஊத்தி, உள்வளையத்துல மட்டும் மட்டம் எவ்வளவு இறங்குதுன்னு குறிப்பாங்க. வெளியில எதுக்கு இன்னொரு வளையம்? ஒரே வளையம் வெச்சா, உள்ள ஊத்தின தண்ணி கீழே போகாம பக்கவாட்டுலயும் காஞ்ச மண்ணுக்குள்ள பரவிடும். நாம "ஆஹா, என்னமா உறிஞ்சுது"ன்னு ஏமாந்துடுவோம். வெளிவளையத்துத் தண்ணி சுத்தி இருக்குற மண்ணை நனைச்சு வெச்சுட்டா, உள்ள இருக்குறது நேரா கீழேதான் போகும். மழை பெய்யும்போதும் அப்படித்தானே, சுத்தி எல்லா இடமும் நனைஞ்சுதான் இருக்கும்.

என்கிட்ட இருந்தது அடிப்பாகம் வெட்டின பால் பவுடர் டப்பா ஒண்ணு, பழைய பெயின்ட் பக்கெட் ஒண்ணு. செஞ்சது இவ்வளவுதான்:

1. பக்கெட்டோட அடியையும் வெட்டி எடுத்துட்டு, மண்ணுல ரெண்டங்குலம் இறக்கணும். மேல பலகையை வெச்சுத் தட்டினா கோணாம இறங்கும். அதுக்கு நடுவுல டப்பாவையும் அதே மாதிரி இறக்கணும்.

2. டப்பாவுக்குள்ள ஒரு ஸ்டீல் ஸ்கேலை நட்டமா செருகணும். அடியில ஒரு துணித்துண்டு போட்டுட்டு அது மேல தண்ணி ஊத்தணும். நேரா ஊத்தினா மண்ணு கலங்கி, வண்டல் படிஞ்சு, துளையை அடைச்சிடும்.

3. ரெண்டுலயும் ஒரே மட்டத்துக்குத் தண்ணி. டப்பாவுல 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிஷம்னு குறிக்கணும். திரும்ப ஊத்தணும், திரும்பக் குறிக்கணும்.

4. ரொம்ப முக்கியம். முதல் தடவை வர்ற நம்பரைக் குப்பையில போட்டுடணும்.

நாலாவதுதான் இந்தப் பதிவோட பாதி விஷயம். காஞ்ச மண்ணு ஸ்பாஞ்ச் மாதிரி. முதல் சொம்பை ஒரே மடக்குல குடிச்சுடும். ரெண்டாவது சொம்பு மெதுவா. மூணாவது, நாலாவதுக்கு அப்புறம் வேகம் குறைஞ்சு ஒரே நிதானத்துக்கு வந்துடும். ராபர்ட் ஹார்ட்டன்னு ஒரு அமெரிக்க நீரியல் நிபுணர் 1930கள்லயே இதைச் சமன்பாடாவே எழுதி வெச்சுட்டார். ஆரம்ப வேகம் அதிகம், நேரம் ஆக ஆகச் சரிஞ்சு, கடைசியில ஒரு நிலையான வேகம். அடைமழையில நமக்குக் கைகொடுக்குறது அந்தக் கடைசி வேகம் மட்டும்தான். மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணியை ஊத்திக் காட்டி "பாத்தீங்களா, இறங்கிடுச்சு"ன்னு சொல்றதுல இருக்குற ஓட்டை இதான். முதல் பக்கெட் எங்க ஊத்தினாலும் இறங்கும்.

எங்க வாசல்ல மூணு இடத்துல அளந்தேன். நாலஞ்சு தடவை ஊத்தி, வேகம் ஒரே மாதிரி ஆன பிறகு வந்த கணக்கு:

முருங்கை மரத்தடி: 2.5 செ.மீ. இறங்க 15 நிமிஷம். அதாவது மணிக்கு 10 செ.மீ.

வாசல் நடுவுல: 1 மணி 15 நிமிஷம். மணிக்கு 2 செ.மீ.

தினமும் வண்டி நிக்குற இடம்: மூணு மணி நேரம் உக்காந்தும் 1 செ.மீ.தான். மணிக்கு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல.

மரத்தடிக்கும் வண்டிக்கும் நடுவுல பத்து தப்படிதான் இருக்கும் மக்களே! ஒரே வீடு, ஒரே மண்ணு. வித்தியாசம் முப்பது மடங்கு. மரத்தடியில வேர் போன வழி, மண்புழு போன வழி, எறும்புப் பொந்து, சருகு மக்கின மண்ணுன்னு தண்ணிக்கு ஆயிரம் சந்து இருக்கு. வண்டி நிக்குற இடத்துல டயர் அமுக்கி அமுக்கி சந்தையெல்லாம் மூடிடுச்சு. உணவு வேளாண்மை நிறுவனத்தோட பாசனக் கையேட்டுல மணலுக்கு மணிக்கு 30 மி.மீ.க்கு மேல, களிமண்ணுக்கு 1-லேர்ந்து 5 மி.மீ.ன்னு போட்டிருப்பாங்க. எங்க வீட்டு மண்ணு மணலா, களிமண்ணான்னு கேட்டா, எந்த மூலையில அளந்தேங்கறதைப் பொறுத்து ரெண்டு பதிலும் வருது!

இது மேல் மண்ணு. குழி இருக்கப்போறது நாலடி ஆழத்துல. அங்க என்ன?

அடுத்த ஞாயிறு, மேஸ்திரி குறி போட்டு வெச்ச இடத்துல நாலடி வரைக்கும் தோண்டிட்டு, அடியில 15 செ.மீ. அகலத்துல ஒரு சின்னத் துளை போட்டேன். கடப்பாரை பிடிச்சு கையில கொப்புளம் (கீபோர்டு தட்டுற கைக்கு இதெல்லாம் ஓவர்). மேல ஓரடி ரொட்டி மாதிரி பொலபொலன்னு வந்த மண்ணு, அதுக்குக் கீழே கறுப்பா, பிசுபிசுன்னு, பிடிச்சா பிள்ளையாரே பண்ணலாம். சுத்தமான களிமண்ணு. முதல் நாளே தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பும், உப்பின பிறகு வேகம் இன்னும் குறையும். அதுக்கு அப்புறம் அளந்தாத்தான் நியாயமான கணக்கு. காலையில 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி நிரப்பி ஸ்கேலை வெச்சேன். மணிக்கு ரெண்டேகால் செ.மீ. இறங்குச்சு.

எனக்கு ஒரே சந்தோஷம். மணிக்கு ரெண்டேகால்! வாசல் மண்ணை விட அதிகம்! அப்பாகிட்ட போய், "மேஸ்திரி சொன்னது சரிதான் போல"ன்னு கூட சொல்லிட்டேன். அப்பா காபியை உறிஞ்சிக்கிட்டே "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு லுக்கு விட்டார்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைச்சுது. துளையில தண்ணி அடிவழியா மட்டுமா போகுது? சுத்துச் சுவர் வழியாவும் போகுதே! 15 செ.மீ. அகலத் துளைக்கு அடிப்பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. 30 செ.மீ. உயரத்துக்கு சுவர்ப்பரப்பு சுமார் 1414. ரெண்டையும் கூட்டினா 1591. அடிப்பரப்பைப் போல ஒன்பது மடங்கு. துளையில மட்டம் இறங்கற வேகத்தை ஒன்பதால வகுத்தாத்தான் மண்ணு குடிக்கற வேகம் ஏறத்தாழ தெரியும். 22.5 மி.மீ. வகுத்தல் 9... மணிக்கு 2.5 மி.மீ.!

எழுந்து உக்காந்துட்டேன். ஒரு இன்ஜினியரிங் டிகிரி வாங்கி வெச்சிருக்குற எனக்கே இந்தத் தப்பு வந்துச்சுன்னா, குழி வெட்டிக்கொடுக்கறவங்களைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? சின்னத் துளையில இறங்கற வேகத்தைப் பாத்துட்டு, பெரிய குழியும் அதே வேகத்துல இறங்கும்னு நம்பறது ரொம்ப சுலபமா நடக்கற தப்பு. அகலம் கூடக் கூட, அடியோட ஒப்பிட்டா சுவரோட பங்கு குறைஞ்சுக்கிட்டே போகும்.

சரி, இப்ப மேஸ்திரியோட குழியை இந்த நம்பர்ல ஓட்டிப் பாக்கலாம்.

எங்க மொட்டை மாடி 800 சதுர அடி, சுமார் 74 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்துல 1 செ.மீ. மழைன்னா, மாடியிலேர்ந்து வர்றது சுமார் 740 லிட்டர். ஐப்பசி மழைக்கு 1 செ.மீ.ங்கறது சும்மா வாய் கொப்பளிக்கற மாதிரி.

குழியோட கொள்ளளவு 36 கன அடி, சுமார் 1000 லிட்டர். உள்ள ஜல்லி போட்டாச்சுன்னா இடுக்குல நிக்கறது 40 சதவீதம், அதாவது 400 லிட்டர். அரை மணி நேரத்துல நிறைஞ்சுடும்.

நிறைஞ்ச பிறகு எவ்வளவு இறங்கும்? அடியும் நாலு சுவரும் சேத்து சுமார் 5.3 சதுர மீட்டர். மணிக்கு 2.5 மி.மீ.ன்னா, 13 லிட்டர். சுவருக்கு செங்கல் கட்டிப் பூசிட்டா, அடியில மட்டும் 2 லிட்டர்!

உள்ள வர்றது மணிக்கு 740. இறங்கறது மணிக்கு 13. மீதி எல்லாம் வழிஞ்சு தெருவுக்கு. மழை விட்ட பிறகும் குழி காலியாக முப்பது மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். போகப்போக மாடியிலேர்ந்து வர்ற தூசும் வண்டலும் அடியில படிஞ்சு, அந்த 13-ம் குறையும். பாட்டி ஏன் திட்டினாங்கன்னு இருபது வருஷம் கழிச்சு ஸ்டீல் ஸ்கேல் வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. பேவர் பிளாக் போட்டு மூடப்போற வாசல் 200 சதுர அடி, சுமார் 18.6 சதுர மீட்டர். வாசல் நடுவுல அளந்த வேகத்துக்கு மணிக்கு 370 லிட்டர் குடிக்கும். "கீழே களிமண்ணு இருக்கே, அது தடுக்குமே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. மேல ஓரடி மண்ணு ஊறி நிரம்பற வரைக்கும்தான் அந்த 370. அப்புறம் களிமண்ணோட வேகம்தான் செல்லும். ஆனா அந்த 2.5 மி.மீ.யையே 18.6 சதுர மீட்டருக்குப் போட்டாக்கூட, மணிக்கு 46 லிட்டர். அப்பவும் குழியைப் போல மூணரை மடங்கு! களிமண்ணுல ஆழத்தை விடப் பரப்புதான் பேசும். அப்பா பண்ண நெனச்ச "கணக்கு சரியாப் போச்சு" வியாபாரம் என்னன்னா, 46-ஐக் கொடுத்துட்டு 13-ஐ வாங்கறது. அதுக்குக் காசும் கட்டி.

இனிமே என் கருத்து. திட்டறவங்க இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம் :-)

2003 சட்டத்தை நான் குறை சொல்லல. மழைத்தண்ணி சொத்துங்கற எண்ணத்தை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டு வந்தது அதுதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணல்ல சாதாரணக் குழியே போதும், தண்ணி சர்ருனு இறங்கிடும். அங்க வீடு வீடா நடந்து இதை எடுத்துச் சொன்ன சேகர் ராகவன் மாதிரி ஆளுங்களோட உழைப்பு சும்மா போகல. களிமண் பகுதிக்கு வெறும் குழி போதாது, குழிக்கு நடுவுல போர் போட்டு கீழே இருக்குற மணலைத் தொடணும்னு சென்னைக் குடிநீர் வாரியத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. அறிவு இல்லாம இல்ல.

எங்க கோட்டை விட்டோம்னா, கேட்ட கேள்வியில. "குழி இருக்கா?"ன்னு கேட்டோம். "இறங்குதா?"ன்னு கேக்கல. இருக்காங்கற கேள்விக்கு ஒரு போட்டோ போதும். அதனால ஊரே போட்டோவுக்குக் குழி வெட்டுச்சு. கேள்வி தப்பா இருந்தா, பதில் எவ்வளவு சரியா இருந்தாலும் கிணத்துல தண்ணி ஏறாது.

இதுக்குப் பெருசா செலவு ஒண்ணும் இல்ல. கட்டட அனுமதிக்கு மண் பரிசோதனைன்னு அஸ்திவாரத்துக்காக எவ்வளவோ செய்யறோம். அதோட சேத்து, குழி வரப்போற ஆழத்துல ஒரே ஒரு துளை, ஒரு ராத்திரி ஊறல், ஒரு காலை அளவு. அந்த நம்பரை வரைபடத்துலயே எழுதணும். மாடிப் பரப்பு இவ்வளவு, மண்ணு குடிக்கற வேகம் இவ்வளவு, அதனால குழி இவ்வளவுன்னு. கட்டி முடிச்ச பிறகு குழியை ஒரு தடவை நிரப்பி, ஒரு நாள்ல காலியாகுதான்னு பாத்துட்டு டிக் அடிக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப நிரப்பிப் பாக்கணும், ஏன்னா வண்டல் அடைக்கும். அதிகாரி வரணும்னு கூட அவசியமில்ல. ஸ்கேலும் கடிகாரமும் எல்லார் வீட்டுலயும் இருக்கு.

"ஏதோ ஒரு குழியாவது இருக்கட்டுமே, இல்லாததுக்கு இது தேவலாம் இல்ல?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இறங்காத குழி சும்மா இருக்கறதில்ல. கொசு வளக்குது, அதை விட மோசமா நிம்மதி கொடுக்குது. "எங்க வீட்டுலதான் குழி இருக்கே"ன்னு தைரியமா வாசலை சிமென்ட்டால மூட வைக்குது. எங்க தெருவுல அப்படி மூடாத வாசல் எங்க வீட்டையும் சேத்து ரெண்டுதான் பாக்கி. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. கொட்டினதை எந்த வாசலும் குடிச்சிருக்காது, அது வேற கதை. அந்த மாதிரி மழைக்கு ஏரியும் கால்வாயும்தான் பதில் சொல்லணும். ஆனா வருஷா வருஷம் வர்ற சாதாரண ரெண்டு செ.மீ. மழைக்கே தெருவுல முழங்கால் தண்ணி நிக்குதே, அதுக்கு இந்த வாசல்கள்தான் பதில் சொல்லணும்.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். பேப்பர்ல எல்லாக் கணக்கையும் எழுதி அப்பா முன்னாடி வெச்சேன். 740, 13, 46. கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம், "அப்ப மாடித் தண்ணிக்கு என்ன வழி?"ன்னார். அவருக்கே ஞாபகம் வந்துச்சு. கிணறு வெட்டினப்போ ஒம்பதடிக்கு மேல களிமண்ணு விட்டு மணல் வந்துச்சாம். கிணறு ஏற்கெனவே மணலைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. கையில போரை வெச்சுக்கிட்டு, பக்கத்துல குழி வெட்டப் போயிருக்கோம்!

மாடித் தண்ணியை மட்டும், மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி வழியா நேரா கிணத்துல விடறதுன்னு முடிவாச்சு. சீசனோட முதல் மழையை வெளியே தள்ளிட ஒரு வால்வு. வாசல்ல ஓடற தண்ணியைக் கிணத்துல விடக்கூடாது, அழுக்கும் வண்டி எண்ணெயும் கலந்துடும். சென்னைக்கு வருஷத்துக்கு சராசரியா 1400 மி.மீ. மழை. எங்க மாடிக்கு அதுல எண்பது சதவீதம் பிடிச்சாக்கூட எண்பதாயிரம் லிட்டருக்கு மேல. ஆறாயிரம் லிட்டர் டேங்கர் கணக்குல பதிமூணு லாரி. 2019-ல ஒரு லாரிக்கு எத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தோம்னு அம்மாவைக் கேட்டா தெரியும்.

வாசல் விஷயத்துல முழு வெற்றி இல்ல. அம்மாவோட சேறு பிரச்சினையும் நிஜம்தானே. கடைசியில டயர் போற ரெண்டு வரிசைக்கும், கேட்டுலேர்ந்து படி வரைக்கும் மட்டும் கல்லு. மீதி மண்ணு, அதுல புல்லும் ரெண்டு செம்பருத்தியும். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப் போச்சு, பாவம், வேலை குறைஞ்சுடுச்சு. ஆனா போகும்போது, "தம்பி, அந்த டப்பா வித்தையை எனக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுங்க. பெரம்பூர்ல ஒரு வீட்டுல குழி இறங்கவே மாட்டேங்குது"ன்னு கேட்டார். டப்பாவையே கொடுத்து அனுப்பிட்டேன். இதை விடப் பெரிய விருது எனக்கு வேணாம்.

கார்த்திகை மழையில கிணத்து மட்டம் எவ்வளவு ஏறுதுன்னு உறையில பெயின்ட்டால கோடு போட்டு வெச்சிருக்கேன். ஏறினாலும் சொல்றேன், ஏறலேன்னாலும் சொல்றேன். அதுவும் ஒரு அளவுதானே.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தொடர் விளையாட்டுன்னு வெச்சுக்கோங்க, பேர் சொல்லி யாரையும் கூப்பிடல, எல்லாரும் வரலாம். வீட்டுல ஒரு பால் பவுடர் டப்பா, ஒரு ஸ்கேல், ஒரு ஞாயித்துக்கிழமை. மரத்தடியில ஒண்ணு, வண்டி நிக்குற இடத்துல ஒண்ணு அளந்து, ஊர் பேரோட பின்னூட்டத்துல போடுங்க. மதுரை, தஞ்சாவூர், கோவை, யாழ்ப்பாணம்னு எந்த மண்ணா இருந்தாலும் சரி. முதல் சொம்பு கணக்கு செல்லாது, ஆமா!

டிஸ்கி 1: டப்பாவோட வெட்டின ஓரம் கையைக் கிழிக்கும். எனக்குக் கிழிச்சது. செருப்பும் கையுறையும் போட்டுக்கோங்க.

டிஸ்கி 2: நான் நிலத்தடி நீர் நிபுணர் இல்ல, பொட்டி தட்டறவன். கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். ஏற்கெனவே ஒன்பது மடங்கு தப்பு பண்ணித்தான் இங்க வந்திருக்கேன் :-)